காற்றழுத்த அளவீடும் புயலின் வலுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கக் கடலில் புயல் உருவாகும் ஒவ்வொரு முறையும் "மைய அழுத்தம் இத்தனை மில்லிபார்" என்ற எண் கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் கருவி வைத்திருப்பவர்கள் தங்கள் அளவையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் எந்த உயரத்தில் எடுத்தது, எந்த நேரத்தில் எடுத்தது, சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு என்ற மூன்றும் தெரியாமல் அழுத்தத்தின் எண்ணுக்குப் பொருள் கிடையாது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றியே வருகின்றன.

மில்லிபார், ஹெக்டோபாஸ்கல், பாதரச மில்லிமீட்டர்: எது எதற்குச் சமம்?

1 மில்லிபாரும் 1 ஹெக்டோபாஸ்கலும் ஒன்றேதான், பெயர் மட்டுமே வேறு. கடல்மட்டத்தின் திட்ட அழுத்தம் 1013.25 மில்லிபார். இது 760 மி.மீ. பாதரசத்துக்கும் 29.92 அங்குலப் பாதரசத்துக்கும் சமம். இந்தப் பக்கம் முழுவதும் மில்லிபார் என்றே எழுதுகிறோம்.

என் வீட்டுக் கருவி 1004 காட்டுகிறது, வானிலை அறிக்கை 1007 என்கிறது. கருவி பழுதா?

பெரும்பாலும் இல்லை. கருவி காட்டுவது நீங்கள் இருக்கும் உயரத்தின் அழுத்தம். அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். நம் ஊர் வெப்பத்தில், தரையை ஒட்டிய உயரங்களில், சுமார் 8.7 மீட்டர் ஏறினால் 1 மில்லிபார் குறையும். கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் உள்ள மாடி வீட்டில் 1004.6 காட்டினால், 20-ஐ 8.7-ஆல் வகுத்துக் கிடைக்கும் 2.3-ஐக் கூட்டுங்கள். 1006.9 வரும். ஒரு மாடி ஏறினாலே 0.35 மில்லிபார் குறையும் என்பதால், தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடிக்குக் கருவியை மாற்றியதும் "அழுத்தம் சரிகிறது" என்று பதறிவிடக் கூடாது.

உயரம் கூடக்கூட இந்தக் கணக்கில் வெப்பநிலையின் பங்கும் கூடும். அழுத்தத்தை e^(h ÷ (29.3 × T)) என்ற எண்ணால் பெருக்க வேண்டும். e என்பது 2.718 என்ற மாறிலி, h என்பது மீட்டரில் உயரம், T என்பது கெல்வினில் வெப்பநிலை (செல்சியஸோடு 273 கூட்டியது). கோயம்புத்தூரில், 410 மீட்டர் உயரத்தில், 27 டிகிரி செல்சியஸில் 960 காட்டினால் கடல்மட்ட அழுத்தம் சுமார் 1006. இங்கே வெப்பநிலையில் 5 டிகிரி தவறினால் விடையில் முக்கால் மில்லிபார் பிசகும். உதகமண்டலத்தில் நிலைய அழுத்தமே (திருத்தாத அளவு) சுமார் 780 தான். அதே 5 டிகிரித் தவறு அங்கே நாலரை மில்லிபார் பிசகாகிவிடும். அதனால்தான் உயரமான மலை நிலையங்களில் கடல்மட்டத்துக்குத் திருத்துவதை விட்டுவிட்டு, குறிப்பிட்ட ஓர் அழுத்த மட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அறிக்கை தருகிறார்கள்.

காலை 10 மணிக்கு 1011, மாலை 4 மணிக்கு 1007.5. புயல் வருகிறதா?

இல்லை. இது ஒவ்வொரு நாளும் நடப்பது. வளிமண்டலத்துக்கும் கடலைப் போல ஏற்றவற்றம் உண்டு. சூரிய வெப்பத்தால் எழும் அந்த அலை நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 மணியளவில் உச்சம். அதிகாலை 4, மாலை 4 மணியளவில் தாழ்வு. வெப்பமண்டலத்தில் இது தெளிவாகத் தெரியும், சென்னையில் காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே 3 முதல் 4 மில்லிபார் வரை இருக்கும்.

குளிர்நாட்டு அனிராய்டு கருவிகளின் (பாதரசம் இல்லாமல், காற்றெடுத்த உலோகப் பெட்டியால் முள்ளை நகர்த்தும் காற்றழுத்தமானிகளின்) முகப்பில் "மழை", "மாற்றம்", "தெளிவு" என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த நாடுகளில் ஒரே வாரத்தில் 30, 40 மில்லிபார் ஏறி இறங்குவது வழக்கம் என்பதால் அங்கே அது ஓரளவு பொருந்தும். நம் கடற்கரையில் அந்தச் சொற்களைப் பார்க்கவே வேண்டாம். இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடு ஒப்பிடுங்கள். 24 மணி நேர மாற்றத்தில் அன்றாட ஏற்றவற்றம் தானே அடிபட்டுப் போகும். மிஞ்சுவதுதான் வானிலையின் மாற்றம்.

பாதரசக் காற்றழுத்தமானியை எப்படிப் படிப்பது? திருத்தங்கள் ஏன்?

பழைய நிலையங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் ஃபோர்டின் வகைக் கருவி இன்னும் தொங்குகிறது. முதலில் அதிலேயே பொருத்தியுள்ள வெப்பமானியைப் படிக்க வேண்டும். அருகில் நின்றால் உடல் சூடு அதை ஏற்றிவிடும் என்பதால் இந்த வரிசை. அடுத்து, அடித்தொட்டியின் திருகைத் திருகி, அளவுகோலின் தொடக்கத்தைக் காட்டும் தந்த முனை பாதரசத்தின் பரப்பில் தன் பிம்பத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செய்ய வேண்டும். பிறகு குழாயை விரலால் மெல்லத் தட்டி, வெர்னியர் என்ற நகரும் சிறு அளவுகோலின் கீழ் விளிம்பைப் பாதரச முகட்டின் உச்சியோடு கண்மட்டத்தில் பொருத்திப் படிக்க வேண்டும்.

படித்தது அப்படியே அழுத்தம் ஆகாது. பாதரசம் சூட்டில் விரியும். பித்தளை அளவுகோலும் கொஞ்சம் விரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 30 டிகிரியில் அளவு சுமார் 5 மில்லிபார் கூடுதலாக நிற்கும். ஈர்ப்பு விசையும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையின் அகலாங்கில் அது திட்ட மதிப்பைவிடச் சற்றுக் குறைவு என்பதால் பாதரசம் இன்னொரு 2.4 மில்லிபார் அளவுக்கு உயர்ந்து நிற்கும். இரண்டையும் கழிக்காமல் விட்டால் ஏழு மில்லிபாருக்கு மேல் தவறு. ஓர் ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தையே அதற்குள் ஒளித்துவிடலாம்.

பாதரசம் நஞ்சு. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு புதிய பாதரசக் கருவிகள் உலகெங்கும் விலக்கப்பட்டு வருகின்றன. உடைந்துபோனால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். இரண்டுமே பாதரசத்தை நுண்துளிகளாகச் சிதறடித்து ஆவியாக்கும்.

வீட்டில் வைக்க எந்தக் கருவி போதும்?

பிஎம்பி 280 போன்ற, அழுத்தத்தை உணரும் சிறு மின்னணுச் சில்லே போதும். அதன் தனி அளவில் 1 மில்லிபார் வரை நிலையான பிசகு இருக்கலாம். ஆனால் மாற்றத்தைச் சுமார் 0.12 மில்லிபார் துல்லியத்தில் காட்டும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் மாற்றம்தான். நிலையான பிசகை ஒருமுறை கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். பல கைபேசிகளிலும் இதே வகைச் சில்லு உண்டு. ஆனால் கைபேசி சட்டைப் பையில் மாடி ஏறி இறங்குவதால் தொடர் பதிவுக்கு ஒத்துவராது.

அனிராய்டு வைத்திருந்தால், படிக்கும் முன் கண்ணாடியை ஒரு விரலால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே நெம்புகோல்களின் உராய்வில் முள் சிக்கி நிற்பது வழக்கம்.

கருவியை எப்படிச் சரிபார்ப்பது?

அருகில் உள்ள விமான நிலையத்தின் மெட்டார் என்ற, விமானிகளுக்கான வானிலை அறிக்கையைப் பாருங்கள். பெரிய நிலையங்களில் அரை மணிக்கு ஒருமுறை வெளியாகும். அதில் கியூ என்ற எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கம் கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. விமானங்களின் பாதுகாப்பு கருதி அந்த எண்ணில் தசமத்தை எப்போதும் கீழ்நோக்கியே வெட்டுவார்கள். 1009 என்றால் உண்மை 1009.0 முதல் 1009.9 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே ஒரே அறிக்கையோடு பொருத்திவிடாமல், காற்றில்லாத ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு அறிக்கைகளை எடுத்து, ஒவ்வொன்றோடும் 0.5 கூட்டி, உங்கள் திருத்திய அளவோடு வரும் வேறுபாட்டின் சராசரியைக் காணுங்கள். அதுவே உங்கள் கருவியின் பிசகு. ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் நல்லது, சில்லுகள் மெல்ல நகரும்.

புயலின்போது என் கருவியின் கோடு நடுங்குகிறதே, ஏன்?

காற்று மோதும் அழுத்தம் அதில் சேர்கிறது. மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரு பரப்பில் நேராக மோதினால் சுமார் 4.5 மில்லிபார் கூடும். ஜன்னல் திறந்திருந்தால், காற்று வரும் பக்கமா எதிர்ப்பக்கமா என்பதைப் பொறுத்து, வீட்டுக்குள் அழுத்தம் ஏறும் அல்லது இறங்கும். வானிலை நிலையங்களில் இதற்கென்றே, காற்றின் மோதல் சேராமல் அழுத்தத்தை எடுக்கும் நிலையழுத்த முனை பொருத்துகிறார்கள். வீட்டில், கதவு ஜன்னல்களிலிருந்து தள்ளி, நடு அறையில், வெயில் படாத இடத்தில் வைத்து, 10 நிமிடச் சராசரியைப் பதிந்தால் போதும். மழைக்குப் பயந்து காற்றுப் புகாத பெட்டியில் அடைக்க வேண்டாம். அடைத்தால் அது பெட்டியின் அழுத்தத்தைத்தான் அளக்கும்.

வீட்டு அளவை வைத்துப் புயல் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று சொல்ல முடியுமா?

முடியாது. நம்பவும் வேண்டாம். ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். மைய அழுத்தம் 976, சுற்றழுத்தம் (புயலுக்கு வெளியே சுற்றிலும் உள்ள அழுத்தம்) 1006, மையத்திலிருந்து 30 கி.மீ. தொலைவில் உச்சக் காற்று வீசும் ஒரு புயல். வழக்கமான அழுத்தச் சூத்திரத்தின்படி, மையத்திலிருந்து 200 கி.மீ. தொலைவில் நிற்பவருக்கு அழுத்தம் குறைந்திருப்பது சுமார் 2.4 மில்லிபார் மட்டுமே. அன்றாட ஏற்றவற்றத்தைவிடக் குறைவு. 100 கி.மீ. தொலைவில் 5.7, 50 கி.மீ.யில் 12, 30 கி.மீ.யில் 19. புயல் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால், 50 கி.மீ. தொலைவுக்கு வந்தபின் மிஞ்சுவது மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல்தான். கருவியில் கோடு செங்குத்தாகச் சரியும்போது வெளியேறும் நேரம் போய்விட்டது என்று பொருள். வெளியேறும் முடிவை எச்சரிக்கை அறிவிப்பைப் பார்த்து எடுங்கள், கருவியைப் பார்த்து அல்ல.

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, மண்டலம், புயல் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

பெயரில் அழுத்தம் இருந்தாலும் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்தே. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பிரிவுகள், நீடித்த காற்றின் மணி வேகத்தில்:

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி: 31 கி.மீ.க்குக் கீழ்
தாழ்வு மண்டலம்: 31–49
ஆழ்ந்த தாழ்வு மண்டலம்: 50–61
புயல்: 62–88
தீவிரப் புயல்: 89–117
மிகத் தீவிரப் புயல்: 118–166
அதி தீவிரப் புயல்: 167–221
சூப்பர் புயல்: 222-உம் அதற்கு மேலும்

"நீடித்த காற்று" என்பது இந்தியாவில் 3 நிமிடச் சராசரி, 10 மீட்டர் உயரத்தில். அறிவிப்பில் "இடையிடையே 120 கி.மீ." என்று வருவது சில நொடிகளே நீடிக்கும் உச்ச வீச்சு. அமெரிக்க மையங்கள் 1 நிமிடச் சராசரி எடுக்கின்றன. நேரம் குறையக் குறைய எண் பெரிதாகும். 2020 மே மாதம் அம்பன் புயலின் உச்சத்தை இந்தியத் துறை 240 கி.மீ. என்றது, அமெரிக்காவின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் 260 என்றது. புயல் ஒன்றே, அளவுகோல்தான் வேறு.

நடுக்கடலில் மைய அழுத்தத்தை யார் அளக்கிறார்கள்?

வங்கக் கடலில் பெரும்பாலும் யாரும் நேரடியாக அளப்பதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கப்பல்கள் புயலை விட்டு விலகி ஓடுகின்றன. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் மிதவைகள் சில இடங்களில் மட்டுமே உள்ளன. மையம் அவற்றின் மீது கடப்பது அரிது. அட்லாண்டிக்கில் விமானம் புயலுக்குள் பறந்து, குடையில் இறங்கும் டிராப்சோண்ட் என்ற கருவியைப் போட்டு, கடல் பரப்பு வரை அழுத்தத்தை அளக்கிறது. 1979 அக்டோபர் 12 அன்று பசிபிக்கில் டிப் புயலின் மையத்தில் 870 மில்லிபார் பதிவானதும் இப்படி விமானத்திலிருந்து போட்ட கருவியில்தான். கடல்மட்டத்தில் அதைவிடக் குறைந்த பதிவு புயல்களில் இல்லை. வங்கக் கடலில் இப்படி வழக்கமாக விமானம் அனுப்பும் ஏற்பாடு கிடையாது.

ஆகவே இங்கே செயற்கைக்கோள் படத்திலிருந்து மதிப்பிடுகிறார்கள். அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டிவோராக் 1970-களில் உருவாக்கிய முறை அது. மேகப் பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது, கண் தெரிகிறதா, கண் எவ்வளவு வெதுவெதுப்பாகவும் அதைச் சூழ்ந்த மேக முகடு எவ்வளவு குளிராகவும் இருக்கிறது என்று பார்த்து, 1 முதல் 8 வரை அரை அரைப் புள்ளியாக டி எண் கொடுக்கிறார்கள். டி 2.5 என்றால் சுமார் 35 நாட், அதாவது புயலின் வாசல். டி 4 என்றால் 65 நாட். டி 5 என்றால் 90 நாட். டி 7 என்றால் 140 நாட். ஒரு நாட் மணிக்கு 1.852 கி.மீ.

வேகத்திலிருந்து அழுத்தத்துக்கு வர இந்தியாவில் பயன்படும் சூத்திரம்:

வேகம் (நாட்டில்) = 14.2 × √(சுற்றழுத்தம் − மைய அழுத்தம்)

1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரையைக் கடந்த ஒடிசா சூப்பர் புயலின் மைய அழுத்தம் 912 என்று மதிப்பிடப்பட்டது. வீழ்ச்சி 98 மில்லிபார். 98-இன் வர்க்கமூலத்தை 14.2-ஆல் பெருக்கினால் 140 நாட் வருகிறது. டி 7-உம் அதேதான். இந்தப் பொருத்தத்தை இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒத்துப்போவதாக எண்ணிவிடக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றது கணக்கிடப்படுகிறது. டி எண்ணில் அரைப் புள்ளி பிசகினால் வலுவான புயலில் வேகம் 12, 13 நாட் மாறும், அழுத்தமும் அதோடு சேர்ந்து மாறும்.

மைய அழுத்தம் குறைவாக இருந்தால் காற்றும் அதிகம்தானே?

எப்போதும் இல்லை. காற்றை ஓட்டுவது அழுத்தத்தின் சரிவு. எத்தனை மில்லிபார் என்பதோடு, எத்தனை கிலோமீட்டருக்குள் அது சரிகிறது என்பதும் முக்கியம். 2004-இல் சார்லி புயல் ஃபுளோரிடாவில் 941 மில்லிபாரோடு கரையேறியது, காற்று 130 நாட். 2005-இல் கத்ரினா லூசியானாவில் 920 மில்லிபாரோடு கரையேறியது, காற்று 110 நாட். அழுத்தம் 21 மில்லிபார் குறைவு, காற்றும் குறைவு. சார்லி சின்னஞ்சிறு புயல், சரிவு செங்குத்து. கத்ரினா மிகப் பரந்தது. ஆனால் பேரழிவைத் தந்தது கத்ரினா, ஏனெனில் பரந்த காற்று பரந்த கடலைத் தள்ளியது.

சுற்றழுத்தத்தையும் மறக்கக் கூடாது. அது பருவத்துக்குப் பருவம் மாறும். 990 மில்லிபார் மையம் கொண்ட இரண்டு புயல்களை எடுத்துக்கொள்வோம். மே மாதத்தில் சுற்றிலும் 1004 என்றால் வீழ்ச்சி 14, வேகம் 53 நாட். டிசம்பரில் சுற்றிலும் 1010 என்றால் வீழ்ச்சி 20, வேகம் 63 நாட்டுக்கு மேல். முன்னது தீவிரப் புயல், பின்னது மிகத் தீவிரப் புயலின் வாசலில் நிற்பது. மைய அழுத்தத்தை மட்டும் போட்டு இரண்டு புயல்களை ஒப்பிடும் படங்களைப் பகிராதீர்கள்.

டாப்ளர் ரேடார் காற்றை நேராக அளக்குமே?

அளக்கும், ஆனால் தரைக்காற்றை அல்ல. பூமி வளைவதால் கற்றை தூரத்தோடு உயர்ந்துகொண்டே போகிறது. அரை டிகிரிச் சாய்வில் அனுப்பினால் 100 கி.மீ. தொலைவில் சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தையும், 250 கி.மீ. தொலைவில் ஏறக்குறைய 6 கி.மீ. உயரத்தையும் பார்க்கும். அதோடு, ரேடாரை நோக்கியோ விலகியோ வரும் காற்றின் கூறு மட்டுமே தெரியும். கண் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில் ரேடாருக்கு இணை இல்லை. சென்னை, காரைக்கால் ரேடார்களின் எல்லைக்குள் வந்ததும் மைய இருப்பிடம் சட்டென்று துல்லியமாவது இதனால்தான்.

அழுத்தம் குறைவதால்தான் கடல் ஊருக்குள் வருகிறதா?

சிறு பங்குதான். 1 மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும். 98 மில்லிபார் வீழ்ந்த 1999 புயலில்கூட இந்தக் கணக்கில் ஒரு மீட்டருக்குள்தான். மீதி முழுவதும், ஆழம் குறைந்த கடலில் காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக் குவிப்பது. 1977 நவம்பர் 19 அன்று கிருஷ்ணா மாவட்டத்தின் திவிசீமையில் அலை 5 மீட்டர் அளவுக்கு ஏறியதும் அப்படித்தான்.

புயல் எந்தப் பக்கம் கடக்கிறது என்று காற்றை வைத்து அறியலாமா?

அறியலாம். நம் கிழக்குக் கரையில் புயல் மேற்கு நோக்கி வரும்போது முதலில் வாடைக்காற்று (வடக்கிலிருந்து வீசுவது) வலுக்கும். அது கொண்டலாகி (கிழக்குக் காற்றாகி), பிறகு தென்கிழக்குக்குத் திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. கடல் ஏறும் பக்கம் இதுவே, ஏனெனில் காற்று கடலிலிருந்து நேராகக் கரைக்கு வீசுகிறது. வாடை வடமேற்காகி, மேற்காகி, தென்மேற்காகத் திரும்பினால் மையம் வடக்கே. திசை மாறாமலேயே காற்று வலுத்துக்கொண்டு போய், கருவியும் சரிந்துகொண்டே இருந்தால் மையம் உங்கள் மீதே வருகிறது. திடீரென்று அமைதி வந்தால் அது கண். கருவியின் கோடு அடியைத் தொட்டு நிற்கும். வெளியே போகாதீர்கள். கோடு மேலே திரும்பும்போது எதிர்த்திசையிலிருந்து அதே வலுவோடு காற்று அடிக்கும், முதல் சுற்றில் தளர்ந்த கூரை ஓடுகளும் மரங்களும் இரண்டாவதில் விழும்.

அழுத்தம் சமமாக ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமா?

கூடாது. வீடுகளில் இடுக்குகள் போதுமான அளவு உண்டு. சில மணி நேரத்தில் 30 மில்லிபார் குறைந்தாலும் உள்ளும் வெளியும் தானே சமமாகிவிடும். ஆபத்து காற்றின் மோதலில் இருக்கிறது. மணிக்கு 150 கி.மீ. காற்றின் மோதல் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ எடைக்குச் சமம். காற்று வரும் பக்கம் ஜன்னல் திறந்திருந்தால் அந்த அழுத்தம் உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும், மேலே ஓடும் காற்று அதே நேரத்தில் மேலிருந்து இழுக்கும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளில் இருப்பவர்கள் கூரையின் கொக்கிகளையும் அவற்றின் வாஷர்களையும் புயலுக்கு முன்பே பார்த்து இறுக்கிவிடுங்கள்.

புயல் கடந்த பிறகு என் பதிவுகள் யாருக்காவது பயன்படுமா?

பயன்படும். மின்சாரம் போய் நிலையங்கள் பல நின்றுவிடும் நேரத்தில், இடத்தோடும் உயரத்தோடும் சேர்ந்த ஒரு வீட்டுப் பதிவு மையம் கடந்த பாதையைத் தீர்மானிக்க உதவும். அதற்குக் கருவி மின்கலத்தில் குறைந்தது இரண்டு நாள் ஓட வேண்டும், பதிவு இணையத்தில் மட்டும் இல்லாமல் உள்ளே ஒரு மெமரி கார்டிலும் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் சில கருவிகளின் கடிகாரம் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும், அதற்கு முன்பே பொத்தான் மின்கலம் போட்டு வையுங்கள். குறித்து வைக்க வேண்டியவை: திருத்தாத அளவு, கடல்மட்டத்திலிருந்து கருவியின் உயரம், மிகக் குறைந்த அளவும் அதன் நேரமும், அந்த நேரத்தில் காற்றின் திசை, அமைதி வந்திருந்தால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. திருத்திய அளவை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். திருத்தத்தில் தவறு இருந்தது பிறகு தெரிந்தாலும், மூலம் கையில் இருந்தால் மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.